போஸ்கோவின் மாத்திரை

ககமேகாவில் கால்நடை மருத்துவர் லுசேனோவின் மருந்தகத்துக்குள் அயூமா தனியாக வந்து நின்றாள்.

“நாய் எங்கம்மா?”

“வீட்டுல. நீங்க குடுத்த பூச்சி மாத்திரை உள்ள போனதிலேருந்து ஒரே முனகல், டாக்டர். சாப்பாடும் வேண்டாமாம்.”

லுசேனோ சிரித்தார். “போஸ்கோ நாடகம் போட ஆரம்பிச்சுட்டானா? வயிறு உப்பி, புல்லுல பின்பக்கத்தைத் தேய்ச்சுக்கிட்டுத் திரிஞ்சவன்தானே. பூச்சி வெளியேறினா சரியாயிடுவான். மாத்திரையைத் துப்பாம முழுங்கினானா?”

“ஆசையா முழுங்குற துண்டுல ஒளிச்சு வைக்கச் சொன்னீங்களே. கோழி இரைப்பைக்குள்ள வெச்சேன்.”

மருத்துவரின் சிரிப்பு நின்றது. “இரைப்பையா? நம்ம வீடுகள்ல அது குடும்பத்தலைவருக்குன்னே எடுத்து வைக்கிறதாச்சே. பொம்பளைங்க நீங்களே தொட மாட்டீங்க. அதைப் போய் நாய்க்கா?”

“எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு, டாக்டர். நாய்த்தட்டுலேருந்து எடுத்து வாயில போட்டுக்கிட்டு.”

லுசேனோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “முதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா.”

“போயிட்டுதான் வரேன். பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. போஸ்கோவுக்கு இன்னொரு மாத்திரை குடுங்க.”

“இந்தத் தடவை எதுல வெப்பீங்க?”

“அதே இரைப்பையிலதான். இனிமே அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு.” மாத்திரையைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அயூமா சொன்னாள்: “பாதி போஸ்கோவுக்கு. மாத்திரை இல்லாத பாதி எனக்கு.”