பச்சைப் புள்ளி

“அப்பா, கம்ப்யூட்டர அணைச்சிடாதீங்க. வேலை ஓடிக்கிட்டிருக்கு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே மகன் செருப்பை மாட்டினான்.

“நான் எதுக்குடா அதத் தொடப் போறேன்?” என்றார் அவர், கன்னத்துச் சோப்பு நுரையோடு, கண்ணாடியிலிருந்து திரும்பாமலே.

அவர் தொடவில்லை. தொண்ணூற்று நான்கு நாளாக அது அணையவே இல்லை.

இன்றைக்குக் காலையிலிருந்து பெட்டி இரைந்தது. பம்ப் ஹவுஸில் முப்பது வருஷம் மோட்டார் ஓட்டியவர் அவர். புறங்கையை வைத்ததுமே சூடு சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஈரத்துணியை மடித்து மேலே போட்டுவிட்டு, ரிப்பேர்காரப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

வந்தவள் முதல் வேலையாகத் துணியைத்தான் எடுத்தாள். “என்ன சார் இது, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? ஒரு சொட்டு உள்ள இறங்கியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.”

“மோட்டாருக்கு ஈரச்சாக்கு போடுவோம்மா.”

“நல்ல வேளை, வீட்டுல சாக்கு கெடைக்கல போல.”

பக்கத்து மூடியைக் கழற்றினாள். ப்ராசஸர் மேல் இருந்த ஃபேன் திக்கித் திக்கிச் சுற்றியது. அதன் அடியில் தூசி கம்பளி மாதிரி அடைந்து கிடந்தது. திரையில் எதையோ திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“தொண்ணூத்தாறு டிகிரி. எண்பதுக்குள்ள இருக்கணும். நூறைத் தொட்டா தன்னால அணைஞ்சிடும். அணைங்க சார், அரை மணி நேர வேலை.”

“அணைக்கக் கூடாதும்மா. மறுபடி போட்டா பாஸ்வேர்டு கேக்கும். அது என் பையன் வெச்சது.”

“போன் போட்டுக் கேளுங்க.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் இருந்த படத்தையும், அதன் கீழே எழுதியிருந்த இரண்டு தேதிகளையும் அவள் அப்போதுதான் பார்த்தாள்.

அவர் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். மனைவிக்கு இதய ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாள், மருந்துக் கடைக்குப் போன மகனை லாரி அடித்தது. அவளிடம் இப்போது சொல்லாதீர்கள் என்றார் டாக்டர். கண் விழித்ததும் அவள் செல்போனை வாங்கிப் பார்த்தாள். மகன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. “முழிச்சுத்தான் இருக்கான்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். மகனுடைய சாட் இதில் திறந்தே கிடந்தது; இந்தப் பெட்டி ஓடுகிறவரை அந்தப் புள்ளி எரியும்.

மனைவி இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். தம்பியைக் கம்பெனி அவசரமாக வெளிநாடு அனுப்பிவிட்டது, பேச நேரமில்லை என்று மகள் ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். எப்போது வருவான் என்று அம்மாக்காரி ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில் கணவரைக் கூப்பிட்டு, “புள்ளி எரியுதுங்க. சாப்டீங்களா?” என்பாள், வைத்துவிடுவாள். அந்த மட்டும் பிழைத்தோம் என்றிருந்தார் அவர்.

“அடுத்த மாசம் டாக்டர் பாத்துட்டுச் சொல்லலாம்னாரு. அது வரைக்கும் ஓடினாப் போதும்மா. இல்லன்னா அவளும்...”

ரிப்பேர்காரப் பெண் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “டேபிள் ஃபேன் இருக்கா சார்? ஓடும்போது கை வைக்கறது தப்புதான். வெச்சுப் பாப்போம்.”

டேபிள் ஃபேனைப் பெட்டிக்குள் காற்றடிக்கும்படி நிறுத்தினாள். “நம்பரைப் படிச்சுக்கிட்டே இருங்க. பழைய ஃபேனப் பிடுங்கறேன்.”

“தொண்ணூத்தேழு.”

தூரிகையால் தூசியைக் கிளறி இழுத்தாள். பெட்டியை ஒரு பக்கமாகத் திருப்பினாள்.

“தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பதும்மா...”

“சும்மா படிங்க, ராகம் போடாதீங்க.” தன் பையிலிருந்து புது ஃபேனை எடுத்து வைத்து நான்கு மூலையிலும் அழுத்தினாள். அது சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

எண்பத்து நான்கு. எழுபது. அறுபத்தொன்று. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேஜை மேல் இருந்த தன் செல்போனைப் பார்த்தார். மகன் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது.

“ஐயோ, நெட் ஒயர்! திருப்பும்போது கழண்டிருக்கு சார், என் தப்பு.” பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைச் செருகினாள். புள்ளி மறுபடியும் பச்சையானது. எட்டு நிமிடம் போயிருந்தது.

செல்போன் அடித்தது. மனைவி. இந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை.

“ஊர் பூரா நெட் இல்ல” என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

“கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு பதறாதீங்க. அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்.”