படமில்லாத நோட்டீஸ்

"காணவில்லைங்கற எழுத்து மட்டும் ரத்தச் செவப்பா இருக்கணும் நைனா" என்றார் வடிவேலு, காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே. அவருடைய ஆட்டோ கடைப்படியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருப்பவன் வெளியே போகவேண்டுமென்றால் அவரையும் தாண்டி, அதையும் தாண்டித்தான் போகவேண்டும்.

உள்ளே இருந்தவன் லாரன்ஸ். மந்தைவெளியில் நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுக்கும் அந்த டி.டி.பி. சென்டருக்கு அன்றைக்கு அவன் ஒருத்தன்தான். முதலாளி கல்யாணப் பத்திரிகை புரூப் காட்ட தி.நகர் போயிருந்தார்.

"எம் பொண்ணு" என்று வடிவேலு மேசையில் வைத்த போட்டோவைத் திருப்பிப் பார்த்ததும் லாரன்ஸ் அதைச் சட்டென்று கவிழ்த்துவிட்டான். போட்டோவில் கஸ்தூரி. மூன்று வாரத்துக்கு முன்னால் அவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இப்போது பக்கத்துத் தெரு மாடியறையில் அவனுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருக்கும் அதே கஸ்தூரி.

மாமனார் முகத்தை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், கோபம் வந்தால் மனிதராக இருக்கமாட்டார் என்று அவள் சொல்லக் கேட்டதோடு சரி.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபது. ஒரு மணிக்கு டாண் என்று கஸ்தூரி டிபன் கேரியரோடு இதே படியேறி வருவாள். வராதே என்று சொல்லியனுப்ப ஆளில்லை, மாடியறையில் போனும் இல்லை. அதற்குள் இந்த மனுஷனைக் கிளப்பியாக வேண்டும்.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தான். இருந்து வாங்கிக்கொண்டே போகிறேன் என்று வடிவேலு ஸ்டூலை இழுத்து அவன் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போது அவரும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

வேறு வழி? போட்டோவை ஸ்கேன் செய்தான். ஸ்டூடியோக்காரன் அவளுக்கு மாவு பூசின மாதிரி ஒரு வெளுப்பைக் கொடுத்திருந்தான். இவன் கை சும்மா இருந்திருக்கலாம், இருந்தால்தானே. மஞ்சளை ஏற்றி, சிவப்பை ஏற்றி, துளி கறுப்பும் சேர்த்து, பழக்கதோஷத்தில் இழுத்து இழுத்துச் சரிசெய்தான். திரையில் கஸ்தூரியின் அசல் மாநிறம் வந்து உட்கார்ந்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் உறைத்தது.

"இதான் அவ நெறம்" என்றார் வடிவேலு, மெதுவாக.

உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அடுத்து வரும் என்று லாரன்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

வடிவேலு வாசகத்தைச் சொல்லச் சொல்ல அடித்தான். கஸ்தூரி, வயது இருபத்திரண்டு. உன் அம்மா முத்தம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம். வீட்டுக்கு வரவும். எல்லா அப்பனும் இப்படித்தான் போடுவான், நம்பிப் போனால் காலை உடைப்பான் என்று லாரன்ஸின் மனசு சொன்னது.

எத்தனை காப்பி என்று கேட்டான். ஒன்று போதும் என்றார். அது வழக்கம்தான், இங்கே ஒன்று எடுத்துப்போய் பிரஸ்ஸில் ஆயிரம் அடிப்பார்கள். எந்த பிரஸ் என்று கேட்டதற்கு, "அத்த அப்பால பாத்துக்கலாம்" என்றுவிட்டார்.

ஆயிரம். நாளைக்கு அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை சுவருக்குச் சுவர் கஸ்தூரி முகம். பால்காரர் பார்ப்பார், வீட்டுக்காரம்மா பார்ப்பாள். மணி பன்னிரண்டே முக்கால்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. நோட்டீஸில் வைக்கிற படம் நிஜத்தில் அந்த நோட்டீஸுக்குள் இருக்காது. அது கம்ப்யூட்டரில் வேறொரு மூலையில் கிடக்கும். படம் எங்கே கிடக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் நோட்டீஸில் இருக்கும், அதற்கு லிங்க் என்று பெயர். வடிவேலுவின் கண்ணெதிரிலேயே மூலையில் கிடந்த படத்தை அழித்தான். நோட்டீஸை மூடித் திறந்தான். படம் எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்டது, முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று நின்றது.

லிங்க் அறுந்துவிட்டது, ஸ்கேனரும் சூடாகிவிட்டது, இன்றைக்குப் படம் வராது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். இதற்கு மேல் அவர் எதற்கு உட்காரப்போகிறார்?

வடிவேலு அசையவில்லை. "படம் இல்லாங்காட்டி போவுது. அப்டியே குடு நைனா. படிக்கப் போறவளுக்கு அவ மூஞ்சி தெரியாதா?"

அந்தப் பேச்சை யோசித்துப் பார்க்க லாரன்ஸுக்கு நேரமில்லை. பிரிண்டர் கிர்ரக், கிர்ரக் என்று வரி வரியாகத் துப்பியது. காணவில்லை என்ற சிவப்பு எழுத்து வந்து முடிவதற்குள் அவன் உயிர் போய்ப் போய் வந்தது. மணி ஒன்றாக நாலு நிமிஷம்.

தாளை வாங்கி ஒரு தடவை முழுசாகப் படித்தார். போட்டோவை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனார். லாரன்ஸ் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

போனவர் திரும்பி வந்தார். கையிலிருந்த தாளை நாலாக மடித்து கீபோர்டின் மேல் வைத்தார்.

"அவ சோறு எடுத்தார நேரமாச்சு. என்னியப் பாத்தா பயந்துக்குவா" என்றார்.

"இத்த நீயே அவகிட்ட குடுத்துடு, மாப்ள."