புது விலை

"உன் தங்கச்சி இடது கைக்காரிதானே?" என்று அறை வாசலில் நின்றபடி கணவர் கேட்டார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எழுதுறதுக்கு இடது. என்னை அடிக்கிறதுக்கு ரெண்டு கையும்."

அவர் சிரித்தார். "இதையும் சேர்த்துக்கிறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தட்டச்சுச் சத்தம் தொடங்கியது. அவள் அடுத்த சட்டையை விரித்தாள்.

மறுநாள் காலை குளியலறைக் கதவை உடைக்க வேண்டியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தங்களும் போன பிறகு, அவருடைய கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சாப்பாட்டு டப்பா அளவுக் கறுப்புப் பெட்டி. அடியில், விற்ற கடையின் பெயர் ஒட்டியிருந்தது. உட்கார இடம் கிடைத்தும் பையைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

தங்கை அதற்குள் இருந்தாள்.

வேலை பார்த்த அச்சகத்தை மூடியபோது அவர்தான் சொன்னார்: "ஊரார் புத்தகத்துக்கெல்லாம் பிழை பார்த்தாச்சு. இனி நம்ம புத்தகம். உன் தங்கச்சி கதையை எழுதப் போறேன்." வெள்ளத்தோடு போனவளின் கதை. அவள் பெயரைச் சொல்லக்கூட அம்மா வீட்டில் யாரும் துணியாத கதை.

அன்றிலிருந்து அவள் ஒரு விடுதியின் சலவைக் கூடத்தில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள். அவர் வீட்டில் எழுதினார். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி காத்திருக்கும். அவள் சொல்வாள். கடைசி நாள் காலையில் சீப்புக்காகப் போட்ட சண்டையைக்கூடச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். பிறகு உள்ளே போய்த் தட்டுவார்.

ஒரு பக்கம் காட்டுங்களேன் என்றால், "அரைவேக்காட்டை யாராவது பரிமாறுவாங்களா?" என்பார். தேநீர் கொண்டுபோனால் திரையின் முதுகுதான் கதவைப் பார்த்திருக்கும். அவர் கண்ணாடியில் நீல வெளிச்சம்.

அவர் இறந்த பின் அவளே போட்டுப் பார்த்தாள். விளக்கு எரிந்தது, விசிறி உறுமியது, திரை நீலமாக வந்து 'சிக்னல் இல்லை' என்றது. பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் அதற்குமேல் பிடிபடவில்லை. "கடையில குடுத்து இதுல ஏத்திட்டு வாம்மா" என்று தன் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினாள்.

கடையில் பெட்டியோடு அதையும் நீட்டினாள். "உள்ளே இருக்கிறதை இதுல எடுத்துக் குடுங்க, தம்பி. பெட்டியை நீங்களே வச்சுக்கலாம். என்ன மதிப்போ, பார்த்துச் சொல்லுங்க."

கடைக்காரர் சந்தை மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகளில் விளக்கடித்தார். ஊதினார். அடித்தட்டைக் கழற்றினார். முகம் மலர்ந்தது.

"ராசிக்காரங்க அக்கா நீங்க. ஒரு நாள்கூட ஓடாத பெட்டி. புது விலையே போட்டுத் தரலாம்."

"தினமும் ஓடுச்சே?"

"எங்கே ஓடும்? மெமரி இல்ல, எதையும் பதிஞ்சு வைக்க டிஸ்க்கும் இல்ல. இது வெறும் கூடு. இப்படித்தான் மலிவா விப்போம். உள்ளே வேண்டியதை வாங்கி நாமதான் போட்டுக்கணும்."

"யாராச்சும் கழட்டி எடுத்திருப்பாங்களோ?"

கேட்கும்போதே துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் மனதில் வரிசையாக நிறுத்திவிட்டாள். கொழுந்தன். எதிர்வீட்டுக்காரர். கூடத்தில் படுத்திருந்த தூரத்து உறவு. யாராக இருந்தாலும் சரி. திருடன் என்று ஒருவன் இருந்தால் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கிவிடலாம்.

"போட்டாத்தானே கழட்ட முடியும்?" ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுக் காட்டினார். டிஸ்க் பொருத்தும் இடத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறை, ஒரு மூலைகூட உரியாமல் பளபளத்தது.

அவருக்கு ஏதோ நினைவு வந்தது. "ஒல்லியா, கண்ணாடி போட்ட சார்தானே வாங்கினாரு? நல்லா ஞாபகம் இருக்கு. உள்ளே போடுறதையும் சல்லிசா தரேன்னேன், வேணாம்னுட்டாரு. போட்டா லைட் எரியுமா, சத்தம் வருமானு மட்டும் கேட்டாரு. போட்டுக் காட்டினேன். காதை வச்சுக் கேட்டுட்டு, இது போதும்னாரு." சிரித்தார். "சார் நல்லாயிருக்காருல்ல?"

அவள் தலையாட்டினாள்.

நல்லாத்தான் இருக்கிறார், மகாராசன். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலாகப் பிடுங்கி, எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்? பெற்றவளிடம்கூடச் சொல்லாததையெல்லாம் ஒரு விசிறிச் சத்தத்திடம் அல்லவா சொல்லியிருக்கிறாள்.

"எவ்வளவு வரும்?" என்றாள்.

கடைக்காரர் ஒரு தொகையைச் சொன்னார். பேரத்துக்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார். அவள் பேரமே பேசாமல் கை நீட்டியதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூட ஒரு நோட்டு வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கூடத்தில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். துணிப்பை தட்டையாகத் தொங்குவதைப் பார்த்தாள். எழுந்து, சாத்தியிருந்த அறைக் கதவைத் தாண்டி, பாதம் அழுந்தாமல் நடந்து வந்து அம்மாவின் காதருகே வாயை வைத்தாள்.

"அப்பா எழுதினது கிடைச்சுதாம்மா?"

அவள் கத்தத்தான் வாயைத் திறந்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

"சாப்பிட்டியா?" என்றாள். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

அவர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தக் கதவு சாத்தியிருந்தால் அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.