பிடி, விடு

குமுதினியும் தயாளனும் பேச்சை நிறுத்தி மூன்று வாரமாகிறது. திங்கட்கிழமை அவள் தன் சைக்கிளோடு வேறு ஊருக்குப் போகிறாள். அதன் பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்து, அழுத்தினால் பிரேக் தொளதொளவென்று போனது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அதனால் பால்கனியில் அவள் ஹாண்டில்பாரைப் பற்றி நின்றாள். அவன் சக்கரத்தருகே ஒரு முட்டியை ஊன்றி, அது வலிக்க உட்கார்ந்திருந்தான்.

"நான் ஸ்க்ரூவ மூடறதுக்குள்ள விட்டுடாத. காத்து திரும்ப உள்ள போயிடும்." மூன்று வாரத்தில் அவன் அவளிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல்முறை.

பிறகு "பிடி" என்பான். அவள் பிரேக்கை அழுத்துவாள். அவன் ஸ்க்ரூவைத் தளர்த்த, எண்ணெயோடு குமிழ்கள் வெளியே வரும். மூடிவிட்டு "விடு" என்பான். பிடி. விடு. பிடி. விடு. வெயில் சுவரேறிப் போயிற்று. கடைசியில் ஒரு குமிழ்கூட இல்லாமல் எண்ணெய் தெளிவாக வந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"இத மூடிட்டா முடிஞ்சுது."

அவன் ஸ்க்ரூவைத் தொடுவதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள். எண்ணெய் பின்வாங்க, காற்று மறுபடியும் உள்ளே ஏறியது. அவன் நிமிர்ந்தான். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறு முட்டியை ஊன்றிக்கொண்டு, "பிடி" என்றான்.