நெஞ்சில் வைத்துப் பாருங்கள்

வயிற்றுப்போக்கு நின்று மூன்று வாரம் கழித்து எட்டு வயது பெர்னாவின் முழங்கால் வீங்கியது. டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், வலிக்கு மருந்து எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். பெர்னாவின் அம்மா ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழவில்லை.

"படி ஏறுனா புள்ளைக்கு மூச்சு வாங்குது சார். நெஞ்சுல ஒருக்கா வச்சுப் பாருங்க."

"வயித்துல வந்த கிருமியால மூட்டு வீங்கியிருக்கு. நெஞ்சுக்கு ஒண்ணுமில்லம்மா."

"வச்சுப் பாக்காம எப்படிச் சொல்லுதீய? பாத்தாத்தான் எந்திரிப்பேன்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் மகளின் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். டாக்டர் சலிப்போடு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தினார்.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எழுதிக்கிடுங்க," என்றாள் ஜெசிந்தா. "முதல்லேருந்து சொல்லுதேன்."