அலையாத்தி நடவு

படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த நான், நடுவதற்கு அடுக்கியிருந்த அலையாத்திக் கன்றுகள் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறேன். நாலைந்து நசுங்கிப்போகின்றன. சேறாக இருந்தால் என் இடுப்பாவது பிழைத்திருக்கும். முகத்துவாரத்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. எதிரே, அலையாத்திக் காட்டை அழித்துக் கட்டிய இறால் பண்ணையின் கரை வெயிலில் பளபளக்கிறது. தடுக்கக் காடு இல்லாததால், போன புயலில் என் அக்காவின் அடுப்படிக்குள் கடல் புகுந்தது. அவள்தான் நசுங்கிய கன்றுகளை நிமிர்த்துகிறாள். “மச்சான், இங்க கடல் தண்ணி எப்ப ஏறும்?” நடவு மேஸ்திரியான அவள் புருஷனைக் கேட்கிறேன். “விழுந்ததுல மாப்ளைக்கு மூளை கலங்கிடுச்சு.” ஆட்கள் சிரிக்கிறார்கள். அக்கா கையிலிருந்த கன்றை அவர் காலடியில் வீசுகிறாள். “அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.” அவர் பண்ணைப் பக்கம் கை நீட்டுகிறார். “ஏறாது. அவங்க கரை கரைஞ்சிடும்னு கடல் தண்ணி வர்ற மதகைப் பண்ணைக்காரங்க பூட்டிட்டாங்க. காயறதுக்குத்தான் நடறோம்.”