மூன்றாவது விரல்

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். அக்காவின் கணவரும் நானும் சேர்ந்து குழந்தைகளுக்கான கதைச் செயலி ஒன்றைத் தயாரித்தோம். ஆறு கதைகள் இலவசம். ஏழாவதை வாங்க வேண்டும். விரல்ரேகை வைத்தால்தான் வாங்க முடியும்; அந்தப் பகுதியைச் செய்தது நான். செயலி இன்னும் வெளியாகவில்லை. ஒரே ஒரு சோதனை போனில்தான் இருந்தது. அதில் எங்கள் இருவரின் கட்டைவிரல்களை மட்டுமே பதிந்திருந்தோம்.

திங்கட்கிழமை நான் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது, ஏழாவது கதை மாலை நான்கு பத்துக்கு வாங்கப்பட்டிருந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை போனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். அன்றும் நான்கு பத்துக்கு வாங்கப்பட்டிருந்தது. மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை டீக்குப் போகாமல் கேட்டேன். "மாமா, என் வேலையில ஓட்டை இருக்குன்னு காட்டத்தானே இதெல்லாம்?"

"உங்க அக்காவைக் கேக்காம நான் சட்டைகூட வாங்கினதில்ல மாப்ள. கதையா வாங்கப் போறேன்?"

"அப்ப இனிமே சேந்து வேலை பாக்க வேண்டாம்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. போனில் விரல்ரேகைப் பட்டியலைத் திறந்தார். மூன்று வரிகள் இருந்தன. விரலை வைத்தால் அதற்குரிய வரி ஒளிரும். பத்து விரல்களையும் வைத்தார். முதல் வரி மட்டும் ஒளிர்ந்தது. நானும் வைத்தேன், இரண்டாவது மட்டும்.

போனை மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் கையை மடக்கிக்கொண்டோம்.

நான்கு பத்துக்கு மூன்றாவது வரி ஒளிர்ந்து, விரலை எடுத்தாற்போல் அணைந்தது.